பனையடிப்பாட்டுச் சமாதானம்

இந்தியாவும் சீனாவும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. இதை நான் கோயிலில் நின்றும் சொல்லுவேன், அரசாங்கக் கச்சேரியில் நின்றும் சொல்லுவேன். அவர்கள் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி வைத்தவர் என் புருசன். உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

என் பெயர் திரேசம்மா. மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டைத் தாண்டி ஓலைத்தொடுவாய்ப் பக்கமாகப் போகிற கரையில் எங்கள் ஊர். என் புருசன் அம்புறோஸ் கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றவுடன் பெரிய முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வலை, ஒரு வள்ளம், ஒரு துண்டுக் கரை, அவ்வளவுதான். அந்தத் துண்டுக் கரையைத்தான் பாடு என்று சொல்லுவோம். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் வலை வளைக்க முடியாது. வள்ளம் கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு வரும். இரண்டு நுனிக் கயிறும் கரையில் கிடக்கும். கயிற்றுக்கு ஒரு கூட்டமாக இரண்டு கூட்டம் நின்று இழுக்க, நடுவிலுள்ள மடிக்குள் மீன் சேரும். எங்களுடையது பனையடிப்பாடு. அம்புறோஸின் பாட்டன் காலத்திலிருந்து எங்களுடையது. எங்களோடு சேர்த்து இருபத்தைந்து குடும்பம் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் சாப்பிட்டது.

இந்த ஒரு துண்டுக் கரை மீது இரண்டு பெரிய தேசங்களுக்கு ஒரே நேரத்தில் ஆசை வந்தது. எங்கள் கரையில் ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் கடற்புல் முளைத்த சமதரை. கடவுள் யோசிக்காமல் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார். ஆழமான பக்கத்தில் கப்பல் அணைய இறங்குபாலம் போட்டால் காற்றாலைகளின் நீளமான இறக்கைகளைக் கப்பலிலிருந்து நேரே இறக்கலாம் என்று இந்தியக் கொம்பனி கண்டுபிடித்தது. புல்லுத்தரையில் கம்படித்து வலை கட்டினால் சீனர்கள் விரும்பித் தின்கிற கடலட்டை கொழுகொழுவென்று வளரும் என்று சீனக் கொம்பனி கண்டுபிடித்தது. கரை சட்டப்படி அரசாங்கத்தினுடையது. வழக்கப்படிதான் அம்புறோஸினுடையது. ஆகவே கொழும்பு நினைத்தால் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் கொடுக்கவில்லை. இந்தியா கேட்டவுடன் சீனா கூடாது என்றது. சீனா கேட்டவுடன் இந்தியா கூடவே கூடாது என்றது. கொழும்புக்கு இரண்டு பேரையும் பகைக்கப் பயம். பரிசீலிக்கிறோம், பரிசீலிக்கிறோம் என்று சொல்லி இரண்டு விண்ணப்பத்தையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. அந்த அலுமாரிக்கு நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

இந்தியக் கொம்பனியின் ஆள் ராகவன். கோயம்புத்தூர்க்காரர், தமிழ் பேசுகிறவர், வாய் ஓயாதவர். வந்த முதல் நாளே எங்கள் வாசல் மர வாங்கில் உட்கார்ந்து, "அம்மா, நாமெல்லாம் ஒரே ரத்தம். தொப்புள்கொடி உறவு" என்றார்.

"ஓம் தம்பி," என்றேன். "அந்தக் கொடிதான் இரவில ரோலர்ப் படகில வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது."

அவர் கொஞ்சமும் அசையவில்லை. "அது வேற டிபார்ட்மென்ட்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

சீனக் கொம்பனியின் ஆள் லின். மெல்லிய மனிதர், கண்ணாடி போட்டவர். தமிழும் தெரியாது, இங்கிலிஷும் அரைகுறை. எதையும் தன் ஃபோனுக்குச் சொல்லுவார். ஃபோன் தமிழில் பேசும். அந்தப் பெட்டி பேசிய தமிழ் எங்கள் பாதரின் பிரசங்கத்தைவிடச் சுத்தம். "அன்புள்ள அம்மையார், தங்கள் மீன் குழம்பு மேன்மையானது" என்று அது முதல்தரம் சொன்னபோது நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

ஊர் தன் பக்கம் நிற்கிறது என்று கொழும்புக்குக் காட்ட வேண்டிய அவசரம் இரண்டு பேருக்கும் இருந்தது. அதனால் எங்களுக்கு வந்தது நல்ல காலம். இந்தியா அரிசி தந்தது. சீனா அந்த அரிசியை அவிக்கக் குக்கர் தந்தது. இந்தியா எங்கள் ஒழுங்கைத் தெருவில் சூரிய ஒளி விளக்குக் கம்பங்கள் நட்டது. அடுத்த மாதம் சீனா அதற்கு நேரெதிரே இன்னும் உயரமாக நட்டது. வெளிச்சத்தில் குழம்பிப்போய், எங்களோடு கயிறு இழுக்கிற நல்லையாவின் சேவல் நாங்கள் இராச்சாப்பாடு சாப்பிடுகிற நேரத்தில் கூவத் தொடங்கியது. கோயிலுக்கு இந்தியா கக்கூஸ் கட்டியது. தண்ணீர் இல்லாத கக்கூஸால் என்ன பயன் என்று ஊரெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சீனா அதற்குத் தண்ணீர்த்தாங்கி வைத்தது. இரண்டு பெரிய தேசங்களும் சேர்ந்து செய்த முதல் வேலை எங்கள் கோயில் கக்கூஸ்தான். அது அவர்களுக்கே தெரியாது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன் றம்ஸீன். எருக்கலம்பிட்டிப் பொடியன், கூலர் வாகனம் வைத்து எங்கள் மீனை எடுப்பவன். ஒரு நாள் மீன் ஏற்றிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அல்லாஹ் உங்களுக்கு நல்ல காவல்காரர் ரெண்டு பேரைத் தந்திருக்கிறான். இவரை அவர் விடமாட்டார், அவரை இவர் விடமாட்டார். ரெண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்காத மட்டும் பனையடிப்பாடு உங்கட. கதைச்சினம் எண்டால் போச்சு."

எனக்கு அது பளிச்சென்று விளங்கியது. அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வராதபடி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ராகவன் வந்தால் லின்னின் விளக்கு நன்றாக எரிகிறது என்பேன். லின் வந்தால் ராகவனின் அரிசி நன்றாக மலர்கிறது என்பேன். இரண்டு பேரும் முகம் சிவந்து போவார்கள். அடுத்த கிழமை ஊருக்கு ஏதாவது வரும்.

ஆனால் அம்புறோஸுக்கு ஒரு வியாதி இருக்கிறது. இரண்டு பேர் கோபமாக இருந்தால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. புருசன் பெண்சாதி கோபமா, அண்ணன் தம்பி கோபமா, கூப்பிடாமலே போய் நடுவில் நிற்பார். அதற்காகவே ஊர் அவரைக் கோயில் மூப்பராக்கி வைத்திருந்தது. யுத்தம் முடியும்வரை மடுக் கோயிலிலும் முகாம்களிலும் கிடந்து தேய்ந்த மனிதர் அவர். கேடு என்றால் சண்டையிலிருந்துதான் வரும் என்று படித்திருந்தார். சமாதானத்திலிருந்தும் வரும் என்று யாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை.

எங்கள் ஊரில் வலைச்சமாதானம் என்று ஒரு வழக்கம் உண்டு. செபஸ்தியார் திருநாளுக்கு முந்தின மாலை நடக்கிற வெஸ்பர் செபத்துக்கு முன்னால் ஊரில் ஒருவரும் கோபமாக இருக்கக் கூடாது. கோபக்காரர் இரண்டு பேரையும் கொண்டுவந்து, ஆளுக்கொரு கயிற்றின் தலைப்பில் நிறுத்தி ஒரு வலை இழுக்க விடுவார்கள். கதைக்கத் தேவையில்லை, மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இழுத்தால் போதும். ஒரு கயிறு முந்தினால் வலை சரிந்து மீன் போய்விடும், அதனால் அவன் காலைப் பார்த்து இவன் அடியெடுத்து வைக்க வேண்டும். வலை கரைக்கு வர வர இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி, மடி வரும்போது இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். பிறகு மடியைத் திறந்து முதல் கூடை மீனை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய், பாட்டுக்குச் சொந்தக்காரரான பாட்டுக்காரருக்கு வைக்க வேண்டும். அந்தக் கூடையை வைத்தால்தான் சமாதானம் செல்லுபடியாகும். அதன் பிறகு ஒரே சட்டியில் சாப்பாடு. கலியாணம் முடித்த புதிதில் எனக்கும் அம்புறோஸுக்கும்கூட மாமியார் ஒருமுறை கயிற்றைக் கையில் தந்திருக்கிறார். எதற்காகக் கோபித்தோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோய்விட்டது.

இந்த வருசம் திருநாள் வந்தது. சோடனை வெளிச்சம் முழுவதும் தங்களுடையது என்று ராகவன் சொன்னார். ஒலிபெருக்கி முழுவதும் தங்களுடையது என்று லின்னின் பெட்டி சொன்னது. பாதருக்கு வாயெல்லாம் பல். வினை வந்தது பெயர்ப்பலகையில். கோயில் வாசலில், கொடிமரத்துக்குக் கிட்ட யாருடைய பலகை நிற்பது என்று போட்டி. இவர் தன் பலகையை ஒரு முழம் முன்னால் தள்ளினார். அவர் ஆள் வைத்து இரண்டு முழம் தள்ளினார். வெஸ்பருக்கு முதல் நாள் பின்னேரம் சொரூபத் தேரை வெளியே இழுத்துப் பார்க்க வந்தவர்கள், வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு பலகை நிற்பதையும், அவற்றுக்கு நடுவில் ராகவனும் லின்னும் இரண்டு பாசையில் கத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தார்கள். உடம்பெல்லாம் அம்பு தைத்தும் முகம் கோணாத செபஸ்தியார், அன்றைக்கு உள்ளேயிருந்து முகம் சுளித்தது போல எனக்குப் பட்டது.

அம்புறோஸ் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"நாளைக்கு விடியவே வலை வளைக்கிறம்," என்றார். "ராகவன் தம்பியும் லின் தம்பியும் கயிறு பிடிப்பினம்."

"உங்களுக்கென்ன விசரே?" என்றேன். "அவை அடிபடுறதாலதான் எங்கட பாடு நிக்குது. றம்ஸீன் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது."

"விளங்கியும் ஏனப்பா?"

"நான் மூப்பர், திரேசா. கோயில் வாசல்ல ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்க, நான் எப்பிடித் தேர் இழுக்கிறது? உனக்கு அவை நாடாத் தெரியினம். எனக்கு மனுசராத்தான் தெரியினம்."

"சமாதானமாகி, சேர்ந்து எங்களைத் துரத்தினால்?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மனசில கோபம் இல்லாதவன் மற்றவன்ர வயித்தில அடிக்கமாட்டான்" என்றார். இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் அவ்வளவு காலமும் வாழ்ந்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

விடிந்தது. கரையில் ஊரே நின்றது. மேற்குக் கயிற்றின் தலைப்பில் ராகவன், அவருக்குப் பின்னால் நல்லையா. கிழக்குக் கயிற்றில் லின். மாட்டேன் என்று சொல்ல இரண்டு பேருக்கும் ஆசைதான். மற்றவர் வந்து நின்றுவிட்டாரே, எப்படி மாட்டேன் என்பது? லின் தன் ஃபோனை என்னிடம் தந்து பத்திரமாக வைக்கும்படி கையால் காட்டினார். பெட்டி இல்லாமல் அவருக்குப் பேச்சில்லை. ராகவனுக்குப் பேச்சு இருந்தது, ஆனால் பத்து அடி இழுப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

முதலில் ராகவன் தான்தான் வெல்ல வேண்டும் என்பது போல இழுத்தார். வலை மேற்கே சரிந்தது. அதைக் கண்டு லின் வெறி பிடித்தவர் போல இழுத்தார். வலை கிழக்கே சரிந்தது. மீன் துள்ளித் துள்ளி வெளியே பாய்ந்தது. நான் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் போனால் போகட்டும், பாடு நிற்கும்.

நல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, கடலே தெரியாமல் இருந்து கயிறு பழகிய மனிதர். கெட்ட இழுவையைக் கண்டால் அவருக்குப் பல்வலி வந்தது போல இருக்கும்.

"சேர், இது ஓட்டப்போட்டி இல்லை," என்று கத்தினார். "அவர்ர காலைப் பாருங்கோ. அவர் வைச்சாத்தான் நீங்கள் வைக்கோணும்."

ராகவன் பார்த்தார். லின்னும் பார்த்தார். இவருடைய கால் மணலில் புதைய அவருடைய கால் புதைந்தது. வலை நேரானது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரின் முகத்திலும் வேறு ஒன்றுமே இல்லை, மற்றவரின் காலைத் தவிர. மடி கரையேறியபோது தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் விழுந்தார்கள், எழும்பினார்கள், சிரித்தார்கள். மடிக்குள் பாரை மீன். வருசத்துக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத பாரை. ராகவன் கூடையின் ஒரு காதைப் பிடிக்க, லின் மறு காதைப் பிடிக்க, தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிவந்து முதல் கூடையை அம்புறோஸின் காலடியில் வைத்தார்கள். ஊர் கைதட்டியது. அம்புறோஸின் கண் கலங்கியிருந்தது. அப்படிச் சந்தோசமாக நான் அவரைக் கண்டு எத்தனையோ காலம்.

சமையல் என் பொறுப்பு. அதையாவது கெடுப்போம் என்று குழம்புக்குக் கைநிறையக் கொச்சிக்காய்த் தூள் அள்ளிப் போட்டேன். ஒரே சட்டியில் இரண்டு பேரும் கை வைத்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் லின்னின் கண்ணாடி புகைந்தது, ராகவனுக்கு விக்கல் எடுத்தது. ஒரு செம்புத் தண்ணீர்தான் இருந்தது. அதை இவர் அவருக்கு நீட்ட, அவர் இவருக்கு நீட்ட, கடைசியில் மாறி மாறிக் குடித்து, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டினார்கள். இருந்த கொஞ்சப் பகையும் என் கொச்சிக்காயில் எரிந்துபோனது.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரே வாகனத்தில் வரத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் சோதனைக்குப் படிக்கிற மகள் இருக்கிறாளாம். இரண்டு பேருக்கும் மேலதிகாரி என்றால் நடுக்கமாம். ஒருவருக்கொருவர் படம் காட்டி, ஃபோன் நடுவில் நின்று மொழிபெயர்க்க, எங்கள் வாங்கிலேயே உட்கார்ந்து கதைத்தார்கள். ஒழுங்கையில் ஒரு விளக்கு பழுதாகியது. முன்பென்றால் மற்றவர் பார்ப்பதற்குள் ஆள் வந்து மாற்றியிருப்பார். இப்போது ஒருவரும் வரவில்லை. பிறகு இன்னொன்று அணைந்தது. நல்லையாவின் சேவல் மறுபடி விடியலில் கூவியது.

"அக்கா, ஒரே வாகனத்தில வாறினம்" என்றான் றம்ஸீன்.

"கண்டனான்."

"இனி அல்லாஹ்தான்."

அல்லாஹ்வையும் செபஸ்தியாரையும் நம்பிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ராகவனிடம் தனியாகச் சொன்னேன், உங்கள் காற்றாலை முதல் காற்றுக்கே விழும் என்று லின் சிரிக்கிறார் என்று. லின்னின் பெட்டியிடம் சொன்னேன், வேறு சாப்பாடு இல்லாதவர்கள்தான் அட்டை தின்பார்கள் என்று ராகவன் பேசுகிறார் என்று. அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அன்புள்ள அம்மையார், தங்கள் நகைச்சுவை உணர்வு மேன்மையானது" என்றது பெட்டி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைக் கிணற்றில் போட்டிருப்பேன்.

பங்குனியில் முடிவைச் சொல்ல வந்தார்கள். முகமெல்லாம் பூரிப்பு. ஒரு பெரிய படத்தை எங்கள் மேசையில் விரித்தார்கள். ஆழத்தில் இந்தியாவின் பாலம். பாலம் அலையைத் தடுக்கும். அதன் மறைவில், அமைதியான தண்ணீரில் சீனாவின் அட்டைப் பட்டிகள். பட்டிக்குப் போகப் பாலத்தால் வழி, பாலத்து விளக்குக்குப் பட்டியிலிருந்து காவல். ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கடவுள் யோசிக்காமல் வைத்ததை இவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இரண்டு நாடும் எதிர்ப்பைத் திரும்பப் பெற்ற சந்தோசத்தில் கொழும்பு அலுமாரியைத் திறந்து உடனே அனுமதி கொடுத்துவிட்டதாம்.

"எல்லாம் உங்களாலதான் ஐயா," என்று ராகவன் அம்புறோஸின் இரண்டு கையையும் பிடித்தார். "அன்னைக்கு நீங்க அந்தக் கயித்தைக் குடுக்கலேன்னா இது நடந்தே இருக்காது."

அம்புறோஸ் படத்தைக் குனிந்து பார்த்தார். விரலால் கரையைத் தடவினார். "தம்பி, இதில வலை வளைக்கிற இடம் எது?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொஞ்சம் மேற்கே தள்ளி..." என்று ராகவன் இழுத்தார். மேற்கே இன்னொருவரின் பாடு. லின் ஃபோனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். "மாற்று வாழ்வாதாரம் அக்கறையுடன் பரிசீலிக்கப்படும்" என்றது அது. அம்புறோஸுக்குக் காவல்காரர் வேலை தருவார்களாம். பாலத்துக்கு ஒருவர், பட்டிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் தேவையில்லை, ஒருவரே இரண்டையும் பார்க்கலாம் என்றும் பேசி முடித்திருந்தார்கள். இந்த ஒற்றுமையை என்ன சொல்லிப் புகழ்வது!

அம்புறோஸ் அரசாங்கக் கந்தோருக்குப் போனார். நானும் போனேன். அங்கே இருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான். "எதிர்ப்பு இருந்தால் கணக்கில எடுப்பம் ஐயா. ஆனால் ரெண்டு நாடும் எதிர்க்கேல்லையே" என்றான். எங்கள் எதிர்ப்பு எதிர்ப்புக் கணக்கில் சேராது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அம்புறோஸ், "என்ன எண்டாலும் அவை ரெண்டு பேரும் இப்ப நல்ல ஒற்றுமை, திரேசா" என்றார். அந்த வார்த்தையோடு நான் அவருடன் கதைப்பதை நிறுத்திவிட்டேன். சோறு போடுவேன், தண்ணீர் வைப்பேன், வாய் திறக்கமாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் கயிறு தர மாமியாரும் இல்லை, இனிப் பாடும் இல்லை.

அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கூடாரம் போட்டு, கதிரைகளுக்கு வெள்ளைத் துணி கட்டினார்கள். இரண்டு நாட்டிலிருந்தும் பெரிய மனிதர்கள் வந்தார்கள். அம்புறோஸைச் சமாதானத்தின் தந்தை என்று மேடையில் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு, இந்த ஊரின் அழகான பாரம்பரியத்தின்படி இரண்டு நாட்டுத் தலைவர்களும் சேர்ந்து வலை இழுப்பார்கள் என்று அறிவித்தார்கள். பனையடிப்பாட்டின் கடைசி வலை அது. பெரிய மனிதர்கள் சப்பாத்தோடு நின்று மூன்று இழுவை இழுத்தார்கள், படம் எடுத்து முடிந்ததும் கயிற்றை விட்டார்கள். மிச்சத்தை நல்லையாவும் மற்றவர்களும் இழுத்தார்கள். தங்கள் கழுத்துக்கான கயிற்றைத் தாங்களே இழுக்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குப் பார்த்தேன்.

அம்புறோஸ் எப்போதும் போலக் கூடையைக் கொண்டுவந்து, எப்போதும் வைக்கிற இடத்தில், மணலில் வைத்துவிட்டுப் பொன்னாடையோடு பக்கத்தில் நின்றார்.

மடி திறந்தது. சூடை மீனும் கொஞ்சம் கும்பளா மீனும். இரண்டு கொடி ஒட்டிய இரண்டு ஐஸ் பெட்டி வந்தது. சரிபாதியாக, ஒருவர் மனம் ஒருவர் நோகாமல், நீங்கள் எடுங்கள் நீங்கள் எடுங்கள் என்று பங்கு பிரித்து மூடினார்கள். ராகவனுக்கு நினைவு வந்தது. கூடையைப் பார்த்தார், அம்புறோஸைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அதற்குள் பெரிய மனிதர் கூப்பிட்டார், போய்விட்டார். லின்னுக்கும் நினைவு வந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டார், ஃபோனை எடுக்காமலே கையை வெளியே எடுத்தார். இரண்டு பெட்டியும் இரண்டு வாகனத்தில் ஏறின. நல்லவர்கள்தான் இரண்டு பேரும். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

கூடாரத்தை அவிழ்க்கத் தொடங்கிய பிறகும் அம்புறோஸ் அதே இடத்தில் நின்றார். எனக்கு அவர் மேலிருந்த கோபம் இன்னும் போகவில்லை. நடந்து போனேன்.

"வாங்கோ, வீட்டை போவம்" என்றேன்.

"முதல் கூடையை வைக்கேல்லை, திரேசா," என்றார். யாரோ அடித்துவிட்ட சின்னப்பிள்ளையின் குரல் அது. "மறந்துபோட்டினமாக்கும்."

"மறக்கேல்லை," என்றேன். "பாட்டுக்காரர் இருந்தால்தானே முதல் கூடை."

படம் விரித்தபோதும், கந்தோரிலும் அழாத மனிதர் அப்போது அழுதார். நானும் அழுதேன். பிறகு பொன்னாடையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். துடைப்பதற்கு நல்ல துணி.

வெறுங்கூடையைத் தூக்க ஒரு ஆள் போதும். ஆனாலும் ஒரு காதை நான் பிடித்தேன், மறு காதை அவர் பிடித்தார். மணல் புதைந்தது. அவருடைய காலைப் பார்த்துப் பார்த்து நானும் அடியெடுத்து வைத்தேன்.